பேலியோவால் பர்ஸ் மெலிந்துவிட்டது: மதுரையில் மலிவாகச் சமாளிப்பது எப்படி? பள்ளி டப்பாவுக்கும் யோசனை வேண்டும்

திருநகர்க்காரி (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து ஐந்து வருடம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர் சொல்லி மூன்று மாதமாகப் பேலியோவில் இருக்கிறார், அதாவது சோறு, கோதுமை, பருப்பு, சீனி எல்லாம் விட்டுக் கறி, முட்டை, காய், பாதாம் என்று சாப்பிடுகிற முறை. ஏழு கிலோ குறைந்திருக்கிறார். அதில் சந்தோஷம்தான். ஆனால் மாசக் கடைசியில் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

கணக்கைச் சொல்கிறேன். காலையில் ஊறவைத்த பாதாம் 100. நிறுத்துப் பார்த்தேன், 120 கிராம் வருகிறது. மாதம் 3.6 கிலோ. எங்கள் கடையில் கிலோ 900 ரூபாய் என்றால் பாதாமுக்கு மட்டும் 3,240. சாயங்காலம் பனீர் 200 கிராம், பாக்கெட் 90 ரூபாய், அது ஒரு 2,700. வெண்ணெய், நெய், மட்டன் எல்லாம் சேர்த்தால் போன மாதம் 14,000 தாண்டிவிட்டது. முன்பு மளிகை, காய், கறி எல்லாமே 9,000க்குள் முடிப்பேன்.

இது போதாதென்று, மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் "அப்பா சாப்பிடுறதுதான் எனக்கும்" என்று பிடிவாதம். சரி என்று ஒரு நாள் காலிஃப்ளவரைத் துருவி சாதம் மாதிரி தாளித்து, ஏழே காலுக்குச் சுடச்சுட அடைத்துக் கொடுத்தேன். மதியம் டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்திருக்கிறார்கள். அப்படியே திரும்பி வந்தது. சாயங்காலம் நான் திறந்தேன். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

எதை எங்கே வாங்கினால் கட்டுப்படி ஆகும்? டப்பாவில் என்ன வைக்கலாம்?

மொட்டைமாடி (ஞாயிறு, இரவு 10.15)

அக்கா, நான் கே.கே. நகரில் தனியாக ரூம் எடுத்திருக்கிற ஆள். இரண்டு வருடமாகப் பேலியோ. என் சம்பளத்தில் பாதாம் வாங்கியிருந்தால் வாடகை கொடுத்திருக்க முடியாது.

120 கிராம் பாதாமில் புரதம் சுமார் 25 கிராம். நாலு முட்டையிலும் ஏறக்குறைய அதே அளவு. முட்டை ஆறரை ரூபாய் என்றாலும் நாலு முட்டை 26 ரூபாய்தான். பாதாம் 108 ரூபாய். கொழுப்பு குறைகிறதே என்றால் முட்டையைத் தேங்காய் எண்ணெயிலோ நெய்யிலோ போடுங்கள், கூட நாலு கீற்றுத் தேங்காய் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீர்ந்தது.

முட்டையைப் பத்து பத்தாக வாங்காதீர்கள். நாமக்கல் லாரியில் இறக்கும் மொத்தக் கடையில் முப்பது முட்டை அட்டையாக வாங்கினால் ஒரு முட்டைக்கு அரை ரூபாய், முக்கால் ரூபாய் குறையும்.

வாடிப்பட்டித் தோப்பு (ஞாயிறு, இரவு 10.52)

தேங்காய் என்றதும் வந்துவிட்டேன். விலை ஏறிக் கிடக்கிறது என்று எல்லோரும் எங்களைத்தான் வைகிறீர்கள். விளைச்சல் இல்லாத வருடத்தில் ஏறுகிற விலையில் எங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது வேறு கதை, விடுங்கள்.

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் சின்னக் காயாகக் கேளுங்கள். வியாபாரி பெரிய காயைப் பொறுக்கிக்கொண்டு போவார், சின்னதைக் கழித்துவிடுவார். பருப்பில் குறை ஒன்றும் இருக்காது, எடைக்கு வாங்கினால் லாபம். இளசாக வேண்டாம். குலுக்கினால் தண்ணீர் சத்தம் கேட்கிற முற்றின காயாகப் பாருங்கள். அதில்தான் எண்ணெய்ப் பசை.

பிள்ளைக்கு ஒரு யோசனை. தேங்காயை மெல்லிசாகச் சீவி, தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறு தீயில் புரட்டுங்கள். ஓரம் சிவந்ததும் ஒரு சிட்டிகை உப்பு. ஆறினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். என் பேத்தி இதைத்தான் இடைவேளைக்குக் கொண்டுபோகிறாள்.

கறிக்கடைத் தம்பி (திங்கள், காலை 6.05)

கடை திறக்கும் முன்னால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினி, மட்டன் மட்டன் என்று தொடைக்கறியையே கேட்கிறவர்கள்தான் காசை விடுகிறார்கள். குடல், நுரையீரல், தலை, கால், ரத்தம் எல்லாம் கறி விலையில் பாதிக்கும் கீழே. இந்த ஊரில் குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் தெரியாத வீடு உண்டா? ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) மட்டும் மலிவு கிடையாது, அதற்கு முன்பே சொல்லி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். அன்றைக்கு நிற்க இடம் இருக்காது, எலும்பை ஒதுக்கிப் போடச் சொன்னால் வெட்டுகிறவர் முறைப்பார். புதன்கிழமை காலை வாங்க. கொழுப்பும் நெஞ்செலும்பும் அன்றைக்குப் பேசி வாங்கலாம். அந்தக் கொழுப்பைச் சின்னதாக நறுக்கி, அரை தம்ளர் தண்ணீர் விட்டு அடுப்பைக் குறைத்து வைத்தால் உருகி எண்ணெயாகும். வடிகட்டி வைத்துக்கொண்டால் நெய்ச் செலவு பாதியாகும்.

கோழியிலும் அப்படித்தான். எலும்பில்லாத நெஞ்சுக்கறி வாங்குவது நஷ்டம். தோலோடு முழுக் கோழியாக வாங்குங்கள். கோழி ஈரலும் கழுத்தும் தனியாகக் கேட்டால் ரொம்ப மலிவு.

இன்னொரு ரகசியம், முதலாளி பார்த்தால் திட்டுவார். புரட்டாசியில் ஊரே கறியை நிறுத்தும். கோழி, முட்டை விலை இறங்கும். அப்புறம் ஐயப்பனுக்கு மாலை போடுகிற நாட்களில் கோழி விலை இன்னொரு முறை இறங்கும். விரதம் இல்லாதவர்களுக்கு அதுதான் காலம். மட்டன் மலிவாகக் கிடைத்தால் எங்கள் பாட்டி செய்தபடி உப்புக்கண்டம் போட்டு வையுங்கள். உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, நல்ல வெயிலில் சுக்காகக் காயவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. வெயிலுக்கு நம்மூரில் என்ன பஞ்சம்?

ராத்திரி டூட்டி (திங்கள், காலை 7.30)

வேலை முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். நான் செவிலியர்.

அக்கா, விலையை விடுங்கள், முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே போடுகிறாரா? கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் போட்டுவிடுவார். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. எதுவானாலும் டாக்டரிடம் "நான் இப்படிச் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அளவை மாற்ற வேண்டும். பலர் திட்டுவார் என்று பயந்து சொல்வதே இல்லை.

அடுத்தது பாப்பா. நம்மூரில் பேலியோ என்று ஓடிக்கொண்டிருப்பது மாவுச்சத்தைக் குறைக்கிற உணவு முறையும் பேலியோவும் கலந்தது. பனீர், வெண்ணெய் நாம் சேர்த்துக்கொண்டது. மூலப் பேலியோவில் பாலே கிடையாது. ஆனால் கிழங்கும் பழமும் உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை, அதனால் அவருக்குக் கிழங்கை நிறுத்தினார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வந்தது? ஓடி ஆடுகிற பிள்ளை. சர்க்கரைவள்ளி, சேனை, வாழைப்பழம், சப்போட்டா எல்லாம் கொடுங்கள். அப்பா தட்டைப் பார்த்துப் பிள்ளை டப்பாவைக் கட்டாதீர்கள்.

பாலை அவளுக்கு நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் சுண்ணாம்புச் சத்துக்கு முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி, முருங்கைக்கீரை, எள் இதெல்லாம் அடிக்கடி இருக்க வேண்டும். ஈரல் நல்லதுதான், ரத்தம் ஊறும். ஆனால் வைட்டமின் ஏ அதில் மிக அதிகம். சின்னப் பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு சின்னத் துண்டு போதும். தினமும் வேண்டாம்.

கீழடிப் பக்கம் (திங்கள், காலை 9.12)

அமெரிக்காக்காரன் சொல்லித்தான் நாம் கறி தின்ன வேண்டுமா? எங்கள் ஊரில் தோண்டின குழியிலேயே ஆடு, மாடு, காட்டுப்பன்றி எலும்பெல்லாம் வெட்டின தடத்தோடு கிடைத்திருக்கிறது. பேலியோ நம்ம சொத்து.

ஓய்வு வாத்தியார் (திங்கள், காலை 10.40)

தம்பி, உணர்ச்சிவசப்படாதீர்கள். கீழடி சுமார் 2,600 வருடத்துப் பழசு. மாடு வளர்த்து, தக்களியில் நூல் நூற்று, பானையில் பெயர் கீறி வைத்த மக்கள். அவர்களைக் கற்காலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் கோபித்துக்கொள்வார்கள். பேலியோ என்பது பழைய கற்காலம், உழவு தோன்றுவதற்கு முந்தையது. நம் மாநிலத்தில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கு அந்தப் பக்கம் அதிரம்பாக்கம் போக வேண்டும். அங்கே கிடைத்த கற்கருவிகள் 15 லட்சம் வருடம் பழையவை.

இந்த உணவு முறைக்கு வயது குறைவு. வோக்ட்லின் என்ற அமெரிக்க வயிற்று மருத்துவர் 1975இல் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1985இல் ஈட்டன், கானர் என்ற இருவர் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை போட்ட பிறகுதான் படித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2002இல் கார்டெய்ன் என்ற பேராசிரியர் எழுதிய புத்தகம் சாதாரண ஜனங்களிடம் கொண்டு சேர்த்தது. கற்கால மனிதன் ஊருக்கு ஊர் வேறு வேறு தின்றான், கிழங்கு தோண்டித் தின்றவனும் உண்டு. அவன் 100 பாதாம் எண்ணி ஊறவைத்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. மதியம் ஒரு பிடி சோறு இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் மைதாவும் சீனியும் போகிறது என்றால் போகட்டும்.

ஆனையூர் அக்கா (திங்கள், மதியம் 2.20)

டப்பாவைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லையே. நான் இரண்டு பையன்களுக்கு நாலு வருடமாகக் கட்டுகிறேன். பெரியவனுக்குக் கோதுமை ஆகாது, அதில் ஆரம்பித்தது.

திருநகர்த் தங்கச்சி, காலிஃப்ளவர் உன்னை ஏமாற்றவில்லை, மூடிதான் ஏமாற்றியது. காலிஃப்ளவர், முட்டைகோஸ், முட்டை மூன்றையும் ஆவியோடு மூடினால் வாடை உள்ளேயே சுற்றிச் சுற்றி நாலு மணி நேரத்தில் அப்படித்தான் ஆகும். இந்த மூன்றையும் முழுசாக ஆறவிட்டு மூடு. மற்றதை ஒன்று கொதிக்கக் கொதிக்கப் போடு, இல்லை முழுசாக ஆறவிடு. வெதுவெதுப்பாக அடைப்பதுதான் ஆபத்து. நம்மூர் வெயிலில் கெட்டுப் போவதும் அதனால்தான்.

கறி வைப்பதென்றால் ஹாட்பாக்ஸ். வெறும் ஹாட்பாக்ஸில் போட்டால் பத்து மணிக்கே ஆறிவிடும். கொதிக்கிற தண்ணீரை அதில் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வை. கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கின சுக்காவை அப்படியே போட்டு இறுக்கி மூடு. குழம்பாக வேண்டாம், தண்ணீர் சுண்டின சுக்காவாக இருக்கட்டும். பையிலும் ஊற்றாது.

என் கைவசம் உள்ள முட்டைச் சுருள் சொல்கிறேன். இரண்டு முட்டை, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, மிளகுத் தூள், உருவின முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி. நன்றாக அடித்து, தோசைக்கல்லில் தேங்காய் எண்ணெய் தடவி, மெல்லிசாகச் சுற்றி ஊற்று. மேலே ஈரம் போனதும் திருப்பிப் போட்டு உடனே எடு, சிவக்கவிட்டால் சுருட்டும்போது கீறும். நடுவில் கேரட் தேங்காய்ப் பொரியலை நீளவாக்கில் வைத்துப் பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டு. மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம். அப்புறம் மூன்று துண்டாக வெட்டி வாழை இலையில் மடித்து வை. குறுக்கு வெட்டில் பச்சையும் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரியும். சின்னவன் அதற்காகவே சாப்பிடுகிறான். பொரியலுக்குத் தாளிக்கும்போது கை பழக்கத்தில் உளுந்தும் கடலைப் பருப்பும் போட்டுவிடாதே, பேலியோவில் பருப்பு கிடையாது. நான் ஆறு மாதம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவித்த முட்டை என்றால் கொதி வந்து பத்து நிமிடத்தில் இறக்கிப் பச்சைத் தண்ணீரில் போடு. ரொம்ப நேரம் வேகவிட்டால்தான் கருவைச் சுற்றிப் பச்சை வளையமும் அந்த வாடையும் வரும். தோலோடு அனுப்பு, அங்கே போய் உரிக்கட்டும்.

காய்க்கு நான் அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பரில் திறந்தார்கள். அப்போது மாமியாரோடு போக ஆரம்பித்தது, வீடு ஆனையூருக்கு மாறியும் விடவில்லை. சுரைக்காய், புடலை, பீர்க்கை, வாழைத்தண்டு, வெண்பூசணி இதெல்லாம் என்றைக்கும் மலிவு, அப்பாவுக்கும் ஆகும். விலைப்பலகையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசு. மூடுகிற நேரத்துக்குப் போனால் மிச்சத்தைக் கூறு கட்டிக் கொடுப்பார்கள், ஆனால் கீரை வாடியிருக்கும்.

கொடை ரோடு (திங்கள், மாலை 5.30)

பட்டர் ஃப்ரூட்டை (அவகாடோ) மறந்துவிட்டீர்களே. பெரிய கடைகளில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற வெளிநாட்டுப் பழம் வேண்டாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலையிலிருந்து இறங்குகிறதை வாங்குங்கள். சீசனில் அதில் கால்வாசி விலைக்குக் கிடைக்கும். கல் மாதிரி இருப்பதை வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் மூன்று நாளில் பழுக்கும். பேலியோ வீட்டில் அரிசிக்கு மிச்சமிருக்கிற ஒரே வேலை அதுதான்.

பெயர் வேண்டாம் (திங்கள், இரவு 8.05)

எல்லோரும் முட்டை, சுக்கா என்கிறீர்கள். என் மகன் படிக்கிற பள்ளியில் முட்டைக்கே தடை. கேக்கில் முட்டை இருக்கிறது, அது பிறந்த நாளுக்கு வரலாம். அவித்த முட்டை வரக் கூடாது. ஒரு நாள் தெரியாமல் கொடுத்துவிட்டேன், டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். அரசுப் பள்ளிச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை போடுகிறார்கள், நான் கட்டணம் கட்டிப் படிக்க வைக்கிற இடத்தில் ஒன்று கொண்டுபோக முடியவில்லை. புலம்பல் முடிந்தது. வழி சொல்லுங்கள்.

ஆனையூர் அக்கா (திங்கள், இரவு 8.40)

சேனைக்கிழங்குதான் வழி. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கனமான துண்டாக வெட்டி, மஞ்சளும் கொஞ்சம் புளித்தண்ணீரும் விட்டு முக்கால் வேக்காடு. புளி விடாவிட்டால் நாக்கு அரிக்கும், பிள்ளை ஜென்மத்துக்கும் தொடாது. வடிகட்டி, இஞ்சி பூண்டு, சோம்பு, மிளகாய்த் தூள் பிசிறி, தேங்காய் எண்ணெயில் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று எடு. பார்க்க மீன் வறுவல் மாதிரியே இருக்கும். அதற்கும் டைரியில் எழுதாமல் இருக்க வேண்டும்!

கூட ஒரு துண்டு அவித்த சர்க்கரைவள்ளி, தேங்காய்க் கீற்று, ஒரு கொய்யா. பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு. முட்டையைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டில் கொடு, எங்கேயும் ஓடிப் போகாது.

மொட்டைமாடி (செவ்வாய், காலை 7.10)

மீனைப் பற்றி ஒரு வரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ராமேஸ்வரம், தூத்துக்குடி விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் கடல் மீன்தான் வேண்டும் என்று நின்றால் பர்ஸ் காலி. அணை மீன், கண்மாய் மீனுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஜிலேபியும் கட்லாவும் அப்போதும் கிடைக்கும். மற்ற மாதங்களில் மத்தியும் நெத்திலியும் போதும், வஞ்சிரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுங்கள்.

திருநகர்க்காரி (பதினெட்டு நாள் கழித்து, இரவு 9.15)

எல்லோருக்கும் பெரிய நன்றி. கணக்கோடு வந்திருக்கிறேன்.

ராத்திரி டூட்டி கேட்டது நல்லதாகப் போயிற்று. வீட்டுக்காரர் டாக்டரிடம் சொல்லவே இல்லை. போய்ச் சொன்னதும் ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். நடுவில் இரண்டு தடவை கை நடுங்குகிறது என்று அவர் சொன்னதை நான் வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

பாதாமை 100லிருந்து 15 ஆக்கினேன். காலையில் நாலு முட்டை, தேங்காய். முதல் வாரம் "இது முறைப்படி இல்லை" என்று முனகினார். அட்டை முட்டை, புதன்கிழமை குடல், உருக்கின கொழுப்பு, சுரைக்காய் என்று ஓட்டியதில் இந்த மாதம் 9,500க்குள் முடியும் போலிருக்கிறது. கொழுப்பு உருக்கின அன்று மட்டும் பக்கத்து வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்தினார்கள்.

மகளுக்குத் திங்கள், புதன் முட்டைச் சுருள். மற்ற நாட்களில் சேனை வறுவல், சர்க்கரைவள்ளி. வெள்ளிக்கிழமை அவளாகவே தயிர்சாதம் கேட்டாள், கொடுத்துவிட்டேன். டப்பா காலியாகத்தான் வருகிறது. ஆனால் நேற்றுத்தான் தெரிந்தது, சுருளில் ஒரு துண்டு தோழிக்குப் போகிறது, பதிலுக்கு அங்கிருந்து எலுமிச்சை சாதம் வருகிறது. அவள் அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

கறிக்கடைத் தம்பி, உப்புக்கண்டத்துக்குக் கறியை எவ்வளவு கனத்தில் வெட்ட வேண்டும்? எங்கள் மாடியில் காக்காய் தொல்லை வேறு.

கறிக்கடைத் தம்பி (மறுநாள், காலை 5.50)

விரல் கனம் மதினி, எலும்பு, கொழுப்பு இல்லாமல். கொழுப்பு இருந்தால் காறிப்போகும். காக்காய்க்குப் பழைய கொசுவலையைக் கூடாரம் மாதிரிக் கட்டிவிடுங்கள். பூனை இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு வேறு ஏற்பாடு.